சூரியநெல்லிக்குப் போன புளிச்சோறு

நான் போனது வெளிநாட்டுக்குத்தான். சிரிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் கொச்சி ராஜாவுடையது. பொள்ளாச்சியும் உடுமலையும் வெள்ளைக்காரனுடையவை. உடுமலையிலிருந்து தெற்கே மலை ஏறினால் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. மூன்று சர்க்கார் மண்ணையும் ஒரே சைக்கிளில் மிதித்துக் கடந்தவன் எங்கள் வகையறாவிலேயே நான் ஒருவன்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். மிதித்ததைவிடத் தள்ளியதுதான் அதிகம் என்பதை மட்டும் யாராவது கேட்டால்தான் சொல்வேன்.

போன காரியம், ஒரு தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு கொண்டுபோய்க் கொடுப்பது.

என் அக்கா பாவாத்தாளைச் சூரியநெல்லியில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சான் உடுமலைப் பக்கத்துக்காரர். மாட்டு வண்டிகளில் தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப்போய்க்கொண்டிருந்தவர், மலைக் குளிர் பிடித்துப்போய் அங்கேயே மளிகைக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்குத் தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவது முறை. தாய்வீட்டு அடுப்பில் ஆக்கிய சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு, தாய்வீட்டுப் பெண்கள் கூட்டமாகப் போய், தங்கள் கையால் பரிமாறி, அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவார்கள். ஏழாம் மாதத்தில் நடந்திருக்க வேண்டியது. புரட்டாசி மழையில் மறையூருக்கு மேலே ஒரு பாலம் அடித்துக்கொண்டு போனது. பஸ் நின்றது. கார்த்திகை பிறந்தது, அக்காவுக்கு ஒன்பதாம் மாதமும் பிறந்தது. இனி அவள் வண்டியில் குலுங்கி இறங்கி வரவும் முடியாது, அம்மாவும் பெரியம்மாக்களும் ஏறிப் போகவும் முடியாது.

அந்தச் சமயத்தில் மேலேயிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் அக்கா சொன்னதாக ஒரு சேதி சொன்னார்: “பொண்ணு ஊட்டுல இருந்து ஒரு நாதி வரலைன்னு இங்க எல்லாருங் கேக்கறாங்க. எங்கம்மா ஆக்குன சோத்துல ஒரு வாயாவது தின்னுபோட்டுத்தானுங்க நான் பிள்ளை பெத்துக்கோணும்.”

அம்மா அன்று சாயங்காலமே புளியை ஊறப்போட்டாள். மறுநாள் விடிவதற்குள் புளிச்சோறு தயாராகிவிட்டது. நல்லெண்ணெயை அவள் கணக்குப் பார்க்காமல் ஊற்றிய விதத்தைப் பார்த்து அப்பாவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நாலு நாளைக்குக் கெடாது, நூலு உடாது சாமி. மேல போகப் போகக் குளுரு. அது பாட்டுக்கு இருக்கும்,” என்று சொல்லிப் போசியை மூடி, புதுத் துண்டில் கட்டி, முடிச்சுக்கு மேல் மஞ்சள் வைத்தாள். “வழியில முடிச்ச அவுக்கப்படாது. அக்காதான் அவுக்கோணும். தெரியுதா?”

தெரிந்தது. எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று.

என் சைக்கிளில் பிரேக் கிடையாது. உடைந்துபோகவில்லை, நானேதான் கழற்றி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் சைக்கிள் வைத்திருந்த எல்லாரும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிற ஊர் எங்களுடையது. ஆறு மாதம் மேற்கேயிருந்து காற்று, மீதி மாதங்களில் கிழக்கேயிருந்து காற்று. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் காற்றே வண்டியை நிறுத்திவிடும். இதில் பிரேக் கம்பி எதற்கு? வேட்டியைப் பிடித்து இழுக்க மட்டும்தான் உதவும். அதனால் புதுச் சைக்கிள் வாங்கியதும் முதல் வேலையாகப் பிரேக், பெல், சக்கரத்து மூடி எல்லாவற்றையும் கழற்றிப் பரணில் போட்டுவிடுவோம். எடை குறைந்த வண்டி எதிர்க்காற்றில் நன்றாகப் போகும். எங்களுக்கு வழி என்றால் காற்றுத்தான். சரிவு என்று ஒன்று உலகத்தில் இருப்பதை யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

முதல் நாள் அந்தக் காற்றுக்கே சரியாகப் போயிற்று. கார்த்திகைக் காற்று நேர் எதிரே. பொள்ளாச்சிச் சந்தையில் இறங்கி இரண்டு சொம்பு மோர் குடித்தேன். வண்டிப்பேட்டைக்குப் பக்கத்தில் இட்லி விற்ற அம்மாள் என் கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க தம்பி, போசியில என்னதுங்க, இந்த வாசம் வருது?”

சொன்னேன். “பொம்பளைங்க ஆரும் வரலீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் என் இலையில் இன்னொரு இட்லி வைத்தாள். அதற்குக் காசும் வாங்கவில்லை. அனுதாபப்பட்டாள் என்பது உடுமலை போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டுச்சோற்றுக்கு ஓர் ஆண்பிள்ளை தனியாகப் போவது, மேளம் மட்டும் கல்யாணத்துக்குப் போவது மாதிரி என்று அவள் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அதுவரை சோறுதான் காரியம் என்று நினைப்பு. அன்றிலிருந்து மனதில் சின்னதாக ஓர் உறுத்தல் ஏறிக்கொண்டது.

இரண்டாம் நாள் காடு. உடுமலையில் தங்கியிருந்த வண்டிகளோடு சேர்ந்துதான் போக வேண்டும், தனியாகப் போனால் யானை இருக்கிறது என்றார்கள். நான் வண்டிகளோடு கிளம்பி, பொறுமையில்லாமல் முன்னால் போய், ஒரு வளைவில் புத்தம் புதிதாக ஆவி பறக்கும் யானை லத்தியைப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகத் திரும்பி வந்து கடைசி வண்டிக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன். அந்த வண்டிக்காரர் என்னைத் திரும்பியும் பார்க்காமல், “வாங்க, வாங்க” என்றார்.

சின்னாற்றில் திருவிதாங்கூரின் சுங்கச் சவுக்கை. நம் ஊர்ப் புகையிலைக்கு அங்கே வரி. ஒளித்துக் கொண்டுபோகிறவர்கள் அதிகம் என்பதால் எந்த மூட்டையையும் விடமாட்டார்கள். அங்கிருந்த உத்தியோகஸ்தர் ஒல்லியான மனிதர். குளிருக்குக் காதைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். மலையாளத்தில், “அவிழ்த்துக் காட்டு” என்றார். அவிழ்க்கக் கூடாது என்றேன். எங்கள் பக்கத்தில் மலையாளம் தானாக வந்துவிடும் என்பதால் அக்கா, ஒன்பதாம் மாதம், அம்மா, மஞ்சள் வைத்த முடிச்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, தம்பி.”

“முறை என்று ஒன்றும் இருக்கிறதே, ஐயா.”

அவர் எழுந்து வந்து, கேரியர் மேல் குனிந்து, துண்டின் மேல் மூக்கை வைத்துக் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். மறுபடியும் இழுத்தார். மூன்றாம் தடவை இழுத்தது சுங்கத்துக்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது.

“புளி. பெருங்காயம். எள் எண்ணெய்,” என்றார். “புகையிலை இல்லை. போகலாம்.” நான் வண்டியைத் தள்ளத் தொடங்கியதும் பின்னாலிருந்து, “அவள் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால் இந்த வழியாகத்தானே திரும்புவாய்?” என்று கேட்டார்.

மறையூருக்கு ஏறும்போது மேலேயிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிய வண்டிகள் இறங்கி வந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒரு பெரிய மரத்துண்டைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பாதையெல்லாம் உழுத மாதிரி தடம். பாரம் போதாதென்று இது வேறு எதற்கு என்று ஒரு வண்டிக்காரரிடம் கேட்டேன்.

அவர் என் சைக்கிளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “ஏனுங்க, உங்க வண்டியில நிறுத்தறது எதுங்க?”

“காத்துங்க,” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மாடுகள் நின்றுவிட்டன. பின்னால் வந்த வண்டிக்காரர்களுக்கும் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு நல்ல மனதோடு சொன்னார்கள்: இறக்கம் வந்தால் ஒரு கிளையை வெட்டிப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், பச்சைக் கிளையாக, இலையோடு. மரத்துண்டு இல்லாத வண்டி மலையை விட்டு இறங்காது, விழும்.

மூன்றாம் நாள் முழுக்க ஏற்றம். அறுந்த பாலத்தில் சைக்கிளைத் தோளிலும் போசியைத் தலையிலும் வைத்து ஆற்றில் இறங்கிக் கடந்தேன். தண்ணீர் கணுக்காலை அறுத்தது. அரிசி மூட்டைகளை இந்தக் கரையில் இறக்கி, தலைச்சுமையாக அக்கரை கொண்டுபோய், அங்கே வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூணாறு போய்ச் சேர்ந்தபோது மழைச்சாரல். ஒரு கடையில் கட்டன் சாயாவும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாயை அரைத்த சம்மந்தித் துவையலும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மரவள்ளியை மாட்டுக்கு வைப்போம். மாடுகள்மேல் எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. போசியின் மேல் மூக்கை வைத்து, சின்னாற்று உத்தியோகஸ்தர் மாதிரி இழுத்துப் பார்த்தேன். புளி அப்படியே இருந்தது.

நான்காம் நாள் காலையில் தேவிகுளம் தாண்டியதும் இரண்டு மலைக்கு நடுவே ஒரு திறப்பு வந்தது. அங்கே அடித்த காற்றைக் கண்டதும் எனக்குச் சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்த சந்தோஷம். நம் ஊர்க் காற்றேதான், கொஞ்சம் குளித்துவிட்டு வந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது. திறப்புக்கு அப்பால் பாதை வளைந்து வளைந்து கீழே இறங்கியது. இரண்டு பக்கமும் தேயிலை, கண்ணுக்கு எட்டும் வரை. கிளை கட்ட வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. பாதையோரம் கிடந்த ஒன்றை எடுத்துக் கட்டினேன். பச்சைக் கிளை என்று அவர்கள் சொன்னதுதான் ஞாபகம் இல்லை.

முதல் வளைவு அழகாக வந்தது. கிளை பின்னால் சரசரவென்று இழுபட, மகாராஜா பல்லக்கில் போகிற மாதிரி போனேன். இரண்டாவது வளைவில் காய்ந்த கிளை ஒரு கல்லில் மாட்டிப் ‘படக்’கென்றது. அதன் பிறகு கயிறு மட்டும் என்னோடு வந்தது. காலைத் தரையில் தேய்த்தேன், செருப்பு போயிற்று. முன்னால் வளைவு, வளைவுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் மேகம். உயிர் பயத்தில் கைப்பிடியை மேட்டுப் பக்கம் திருப்பினேன். சைக்கிள் வாய்க்காலில் குத்தி நின்றது. நான் நிற்கவில்லை. போசியும் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது இடுப்பு வரை தேயிலைச் செடிக்குள் நட்டு வைத்தது போல நின்றேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. போசி பத்தடி தள்ளிச் செடிகளின் மேல் மூடியில்லாமல் சாய்ந்து கிடந்தது. அம்மா கட்டிய முடிச்சு அவிழ்ந்து துண்டு ஒரு பக்கம் காற்றில் ஆடியது. சோறு பாதிக்கு மேல் தேயிலை மேல் சிதறியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்பட என்ன இருக்கிறது? நின்ற இடத்திலேயே நின்று வாய்விட்டு அழுதேன். அக்கா கேட்டது ஒரே ஒரு வாய்.

“ஏட்டி, அங்க பாருங்கட்டி! கொளுந்து மேல சோறு காய்ச்சிருக்கு!”

கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள். இடுப்பில் சாக்கு, முதுகில் கூடை. முன்னால் வந்தவள் நாற்பது வயது இருக்கும், மாடத்தி என்று பெயர். என்னைப் பார்த்து, “அடி கிடி பட்டிருக்காய்யா?” என்றாள். நான் சோற்றைக் காட்டி, அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் வீட்டு மருமகளா என்று கேட்டாள். அவளுக்கு அக்காவைத் தெரிந்திருந்தது. “அந்தப் புள்ளயா? பாவம், சன்னல்லயே நிக்குமே,” என்றாள்.

பிறகு அவள் செடிகளை ஒரு பார்வை பார்த்தாள். தேயிலைச் செடியை வளர விடமாட்டார்கள். மட்டக்கம்பு வைத்துப் பார்த்து, மேல்பக்கம் பலகை மாதிரி சமமாக இருக்கும்படி வெட்டி வைப்பார்கள். நெருக்கமான செடிகள், காலை மழையில் கழுவிய இலைகள். சோறு எல்லாம் அந்தப் பச்சைப் பலகையின் மேல்தான் கிடந்தது. நல்லெண்ணெய்ப் பிசுக்கில் கட்டி கட்டியாக ஒட்டி நின்றது. மண்ணைத் தொடவே இல்லை.

“தரையில ஒரு பருக்கை விழல,” என்றாள் மாடத்தி. “கைய அந்த ஓடையில கழுவிட்டு வாங்கட்டி. கிள்ளுவோம்.”

கிள்ளினார்கள். ஆறு பெண்கள், இரண்டு கையாலும், கொழுந்து எடுக்கிற அதே வேகத்தில், இலை அசங்காமல். நானும் ஒரு செடியில் முயன்றேன். “நீரு தள்ளி நில்லும், கொளுந்த ஒடிச்சுப் போடுவீரு,” என்று துரத்திவிட்டார்கள். மேலே பாதையிலிருந்து கங்காணி கத்தினார். மாடத்தி நிமிராமலேயே, “மாசமா இருக்க புள்ளைக்கு, கங்காணியாரே!” என்று பதில் கொடுத்தாள். கங்காணி முதுகைத் திருப்பிக்கொண்டு எதிர் மலையை வெகு அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார்.

போசி விளிம்பு வரை நிறைந்தது. மாடத்தி மூடியைப் போட்டுத் துண்டை என்னிடம் நீட்டி, “கட்டும்,” என்றாள். நான் முடிச்சுப் போட்டதும், “கூட வார பொம்பளையாளுக எங்க?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். சாக்குகளை அவிழ்த்து உதறினார்கள். ஓடையில் முகம் கழுவினார்கள். பாதையோரம் பூத்திருந்த மஞ்சள் பூவைப் பறித்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். பகல் வரை கிள்ளிய கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற நேரம் அது. அவர்கள் சாப்பிடப் போகவில்லை. மாடத்தி போசியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் கோணிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

அக்காவின் மாமியார் வாசலில் நின்றிருந்தார். நல்லவர்தான், ஆனால் சட்டதிட்டம் அதிகம். யார் எந்த வாசல்படி வரை வரலாம் என்பதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் தோட்டத்துப் பெண்களுக்கு வாசலோடு சரி. அவர் என்னைப் பார்த்தார், கிழிந்த வேட்டியைப் பார்த்தார், தலையில் போசியோடு நின்றவளைப் பார்த்தார்.

“நீங்கெல்லாம் ஆருங்க?”

மாடத்தி கொஞ்சமும் தயங்கவில்லை. “பொண்ணு வீட்டுக்காரவுக,” என்றாள்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். “ஆமாங்க அத்தை. எங்கூட்டுப் பொம்பளைங்கதான்,” என்றேன்.

அவர் நகரவில்லை. அப்போது உள்ளேயிருந்து அக்கா வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக வந்தாள். மஞ்சள் பூ வைத்த ஆறு பெண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். என் அக்காவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

“ஏனுங்கத்தை, எங்கம்மா ஊட்டுச் சனத்தை வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறீங்க?” என்றாள். “வாங்க, எல்லாரும் உள்ள வாங்க.”

மாமியார் வழிவிட்டார். மனது வந்துதான் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாழையிலை அறுத்துக்கொண்டு வந்தது அவர்தான்.

முடிச்சை அக்கா அவிழ்த்தாள். மாடத்தி முதல் பிடி வைத்தாள், மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு பிடி வைத்தார்கள். அக்கா சாப்பிட்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். நடுவில் வாயிலிருந்து ஒரு பச்சைக் கொழுந்தை எடுத்துப் பார்த்து, “அம்மா கறிவேப்பிலைக்கு என்னடா போட்டிருக்குது?” என்றாள். ஓடையில் முகம் கழுவிய அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் அந்தக் கொழுந்தையும் தின்றுவிட்டாள்.

பிறந்தது பெண். அந்தச் சேதியோடு நான் ஊர் திரும்பினேன். வந்ததும் பரணில் ஏறிப் பிரேக்கைத் தேடி எடுத்து மாட்டினேன். ஊரே கேலி செய்தது. சின்னாற்று உத்தியோகஸ்தரிடம் போசியைத் திறந்து காலியாக இருப்பதைக் காட்டியதையும், அவர் முகம் வாடியதையும் சொல்லித்தான் அந்தக் கேலியைத் திசை திருப்பினேன்.

அம்மாவிடம் நடந்தது நடந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சு அவிழ்ந்தது, சோறு சிதறியது, யார் பொறுக்கினார்கள், யார் பரிமாறினார்கள், எதையும் மறைக்கவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். படி, வாசல் கணக்கில் அவள் அக்காவின் மாமியாருக்குக் குறைந்தவள் இல்லை. என்ன சொல்லப் போகிறாளோ என்று பயந்துகொண்டே நின்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிக் கேட்டாள்:

“நம்மூட்டுப் பொம்பளைங்க ஆறு பேரும் சாப்புட்டாங்களா சாமி?”